அந்தத் திரை சிவப்புத்தான்

விடுதி வாசலில் காலணியைக் கழற்றும் இடத்திலேயே மிட்சுயோவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தொகுஜி ஒரு காலில் தன் ஷூவும் இன்னொரு காலில் விடுதி ஸ்லிப்பருமாக நடு வாசலில் நின்றுகொண்டு, ஏற வேண்டுமா இறங்க வேண்டுமா என்று அவளைக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் மிட்சுயோ சுற்றுமுற்றும் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை என்று தெரிந்ததும் குனிந்து அந்த ஒற்றை ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

விடுதியை நடத்தும் ஹாருவே அம்மாள் அந்த நேரம் பார்த்துத்தான் முழங்காலிட்டு வரவேற்றாள். இந்த வருஷம் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, அது நின்றுவிட்டது, இது மாறியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நீளமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். மிட்சுயோ குனிந்தபடியே எல்லாவற்றுக்கும் "சரிங்க, பரவாயில்லைங்க" என்று தலையாட்டினாள். ஆள் கிடைக்கவில்லை என்ற ஒரு சொல் மட்டும்தான் உள்ளே போயிற்று. மற்றதெல்லாம் ஷூ கயிற்றோடு போய்விட்டது.

அறுவடை முடிந்து மலையில் முதல் பனி விழுவதற்குள் இந்த வெந்நீர் ஊற்றுக்கு வந்துவிடுவது அவர்கள் வழக்கம். தொகுஜி இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஒற்றைப் பெட்டி ரயிலின் ஓட்டுநராக இருந்தவர். பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் இந்த விடுதியின் கூரைக்கு மேல் ஆவி போவதைப் பார்த்துப் பார்த்து, முதல் போனஸ் வாங்கிய வருஷம் மனைவியைக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து விட்டதில்லை. மகள் கயோகோ பிறந்த வருஷம்கூடக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ரயில்காரர்கள் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. விரலை நீட்டிக் காட்டி, வாய்விட்டுச் சொன்னால்தான் பார்த்ததாகக் கணக்கு. சிக்னல் வந்தால் விரல் நீளும், "பச்சை, சரி" என்று வாய் சொல்லும். தொகுஜி ஓய்வு பெற்று வந்த பிறகும் இந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கதவைப் பூட்டினால் "பூட்டியாச்சு, சரி." மழைக்குத் துணியை எடுத்தால் "எடுத்தாச்சு, சரி." பெண் பார்க்க வந்த அன்றைக்கும் மனசுக்குள் தன்னை நோக்கி விரலை நீட்டி "பொண்ணு, சரி" என்று சொல்லியிருப்பார் என்று மிட்சுயோ சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவரும் மறுக்க மாட்டார்.

அந்த விரலை அவள் நம்பித்தான் இருந்தாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள், எரிந்துகொண்டிருந்த அடுப்பை நோக்கி அவர் விரலை நீட்டி "அணைச்சாச்சு, சரி" என்று கணீரென்று சொன்னார். அவளும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கெட்டில் கரிக்கட்டையாகி, ஜன்னல் துணியின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது. அவர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து டீவி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் விரல் எதைக் காட்டினாலும் அவள் பின்னாலேயே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். தப்பாகச் சொன்னதெல்லாம் அவள் மனசில் பதிந்தது. சரியாகச் சொன்னதை எண்ணுவதை அவள் விட்டுவிட்டாள்.

மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்குத் தொகுஜி மகளையும் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "வீட்டுக்குள்ள நான் என்ன கூத்தடிச்சாலும் நீ பொறுத்துக்கோ மிட்சு. அது நமக்குள்ள. வெளி ஆளுங்களுக்கு என்னால ஒரு தொந்தரவு வந்துச்சுன்னா, அன்னைக்கே கொண்டு போய் எங்கயாவது விட்டுடு. இழுத்துக்கிட்டுப் போக வேண்டாம். நானே நடந்து வரேன்."

மிட்சுயோவின் தலைவிதி, அந்தத் தொந்தரவு வெளியே வராதபடிக்குக் காவல் காப்பதே அவள் வேலையாகப் போயிற்று. அவர் கடையில் காசு கொடுக்காமல் நடந்தால் இவள் பின்னாலேயே ஓடிக் கொடுப்பாள். பக்கத்து வீட்டுக் குப்பையைக் கொண்டு வந்துவிட்டால் விடிவதற்குள் திரும்ப வைப்பாள். ஊரில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அவர் தன் வாக்கைக் காப்பாற்ற ஒரு சந்தர்ப்பம்கூட அவள் கொடுக்கவில்லை. அதற்குள் அவளுக்கு முதுகு வளைந்து, பேச்சு குறைந்து, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

கடைசியில் கயோகோதான் தன் ஊரில் ஒரு முதியோர் இல்லம் பார்த்தாள். ஒரு கட்டில் காலியாயிற்று. எப்படிக் காலியாகும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. நாளைக்கு மத்தியானத்துக்குள் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். தொகுஜியின் பனியன், காலுறை, துண்டு எல்லாவற்றிலும் பெயரைத் தைத்து, பார்சலில் அந்த இல்லத்துக்கு அனுப்பியும் ஆகிவிட்டது. வீட்டில் அவருடைய அலமாரி காலியாகக் கிடக்கிறது. அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. வழக்கம்போல வருஷக் குளியலுக்கு வந்திருக்கிறோம் என்று இருக்கிறார். விடுதியில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று மகளிடம் மிட்சுயோ வாக்குக் கொடுத்திருந்தாள்.

குளியல்தான் முதல் கண்டம். ஆண்கள் பக்கத்துக்குள் அவளால் போக முடியாது. அதற்காகவே குடும்பமாகக் குளிக்கும் சின்ன அறையைப் போனிலேயே கேட்டிருந்தாள். வந்து பார்த்தால், ஊற்றுத் தண்ணீரின் உப்புப் படிந்து குழாய் அடைத்துப்போனதால் அந்த அறையை மூடிவிட்டார்களாம். வேறு வழியில்லாமல் நீலத் திரை தொங்கும் கற்குளத்துக்கு அவரை அனுப்பினாள். முதலில் உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் இறங்க வேண்டும், துண்டைத் தண்ணீரில் போடக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் நீலத் திரையை நோக்கி விரலை நீட்டி, "ஆண்கள், சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் பக்கத்தில் பெண்களுக்கான சிவப்புத் திரைக்குள் போனாள். அது மரத்தொட்டி உள்ள பக்கம். ஆற்றைப் பார்த்தபடி பெரிய சைப்ரஸ் மரத் தொட்டி, தண்ணீரில் அந்த மரத்தின் வாசனை. தொகுஜிக்கு உயிரான தொட்டி அது. இந்த விடுதியில் ராத்திரியோடு ராத்திரியாகத் திரைகளை மாற்றிவிடுவார்கள், மாலையில் பெண்கள் குளித்த பக்கம் விடிந்தால் ஆண்களுக்கு. எல்லாருக்கும் இரண்டும் கிடைக்க வேண்டும் அல்லவா? அதனால் வருஷா வருஷம் காலைக் குளியல்தான் அவருக்குத் திருவிழா. நாளைக் காலையில் அந்தத் தொட்டியில் அவரை ஒரு தடவை ஆசை தீர உட்கார வைத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் மிட்சுயோ இவ்வளவு பாடுபட்டு வந்திருந்தாள். கழுத்துவரை தண்ணீரில் இருந்தும் அவள் உடம்பு இளகவில்லை. காது முழுக்க நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. விழுந்தாரா, யாரிடமாவது சண்டையா, வாளியைத் தள்ளிவிட்டாரா?

சுவர் உச்சிவரை போகாது, மேலே திறந்திருக்கும். அதன் வழியாக அவர் குரல் வந்தது.

"ஏய் மிட்சு. நான் கரையேறுறேன்."

கல்யாணமான புதிதிலிருந்து இப்படித்தான். ஒருவர் வெளியே வந்து குளிரில் காத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவர் குரல் கொடுப்பார், இவள் பதில் சொல்வாள். போன வருஷம் அவர் மறந்துவிட்டார், இவள் தேடி ஓடினாள். இந்த வருஷம் எங்கிருந்தோ அது திரும்பி வந்திருந்தது.

"சரிங்க, நானும் வரேன்" என்றாள். அப்புறம் முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டாள், யாராவது பார்த்தால் அழுததாகத் தெரியக் கூடாதே.

வெளியே வந்தபோது அவர் பருத்தி அங்கியில் வலப்பக்கத்தை மேலே போட்டுச் சுற்றியிருந்தார். செத்தவர்களுக்குத்தான் அப்படிச் சுற்றுவார்கள். மிட்சுயோ நடைபாதையிலேயே அவசர அவசரமாக அவிழ்த்து இடப்பக்கம் மேலே வரும்படி மாற்றிக் கட்டினாள். அவர் கையைத் தூக்கிக்கொண்டு சாதுவாக நின்றார். "இப்பவே பெட்டியில வச்சுடாத" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இந்த மாதிரிச் சமயங்களில்தான் அவளுக்கு எல்லாம் குழம்பிப் போகும். இன்னொரு குளிர்காலம் ஓட்டிவிடலாமோ?

இரவுச் சாப்பாடு அறைக்கே வந்தது. உப்புத் தடவிச் சுட்ட ஆற்று மீன், ஆளுக்கொரு சின்னச் சட்டியில் காளான் குழம்பு, அதன் அடியில் மெழுகு வில்லை எரிந்தது. தொகுஜி அதை நோக்கி விரலை நீட்டி, "எரியுது, சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அணைஞ்சுது, சரி" என்றார். எரிந்துகொண்டும் இருந்தது, அணைந்தும் இருந்தது, இரண்டும் அவர் சொன்னபடிதான். மிட்சுயோ மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே நாளைக்குத் திரும்பிப் போகிற வழியில் என்று ஆரம்பித்தாள். அவர் சாகே மதுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நோயே இல்லை. கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர்தான் இருந்தார்.

"கயோகோவைப் பாத்துட்டுப் போலாம்னு" என்றாள்.

தாராளமாகப் போகலாம், அவளுக்கு இந்த மீனை வாங்கிக்கொண்டு போகலாம், அவளுக்குப் பிடிக்கும் என்றார். அதற்கு மேல் அவளுக்கு வாய் வரவில்லை. கோழை என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவர் தட்டில் மீனை வைத்தாள்.

விடிந்தும் விடியாததுமாக அவர் எழுந்து மெத்தையில் உட்கார்ந்திருந்தார். வெளியே பனி பிடித்திருந்தது, ஈரமான பனி, விழுந்ததும் கரைகிற வகை. "மரத்தொட்டி இன்னைக்கு நம்ம பக்கம்தானே?" என்று கேட்டார். வீட்டில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கிறவர், இதை மறக்கவில்லை. அவள் துண்டை எடுத்துக்கொண்டு அவரைக் கூட்டிப் போனாள்.

நடைபாதை சில்லென்று இருந்தது. ஆற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. மரத்தொட்டி அறையின் வாசலில் ஸ்லிப்பர்கள் கிடந்தன. விடுதி ஸ்லிப்பர்கள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம், ஒரே அளவு, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. திரைக்கு முன்னால் தொகுஜி நின்றார். முதுகை நிமிர்த்திக்கொண்டார். விரல் நீண்டது.

"பெண்கள். சிவப்பு. நில்."

மிட்சுயோ நிமிர்ந்து பார்த்தாள். சிவப்புத்தான். பார்த்ததும் அவளுக்கு விடுதிக்காரர்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அந்த அம்மாள் புலம்பினாளே, திரையை மாற்றக்கூட ஆள் இல்லை போலிருக்கிறது. ராத்திரியே மாற்றியிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது இப்படி நடந்திருக்கிறதா?

"மாத்த மறந்துட்டாங்க. நீங்க போங்க" என்றாள்.

"சிவப்பா இருக்கே மிட்சு."

"இருக்கட்டுங்க. காலையில மரத்தொட்டி ஆம்பளைங்களுக்குத்தானே? நீங்களே இப்பதானே சொன்னீங்க."

"சொன்னேன். ஆனா சிவப்புன்னா போகக் கூடாது." விரல் இன்னும் நீண்டபடியே இருந்தது. "முந்தி பச்சையா இருந்துச்சுங்கறது கணக்கில்ல. இப்ப என்ன இருக்கோ அதான்."

அவர் அங்கேயே நின்றிருந்தால் குளிரில் சளி பிடிக்கும். யாராவது வந்து பார்த்தால், திரையைக் கை காட்டிக்கொண்டு நிற்கும் கிழவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ராத்திரி முழுக்கச் சரியாகத் தூங்காதவள், மத்தியானம் நடக்கப்போவதை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தவள், அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"அடுப்பையும் இப்படித்தான் கை காட்டிச் சொன்னீங்க. உங்க கண்ணை நம்பியிருந்தா வீடே எரிஞ்சு போயிருக்கும். எதுக்கெடுத்தாலும் இந்த விரல். போங்கன்னா போங்க."

அவர் விரலைப் பார்த்தார். பிறகு அதை மடக்கி அங்கிக்குள் கையை இழுத்துக்கொண்டார்.

"அப்படியா" என்றார்.

தலையைக் குனிந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கோபம் ஆறும்வரை மிட்சுயோ நடைபாதையிலேயே நின்றுவிட்டு, இன்றைக்கு அதுதான் பெண்கள் பக்கம் என்ற கணக்கில் நீலத் திரையிடம் போனாள். அதன் ஓரத்தை அவள் தூக்கியபோது, உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு நடுவயது ஆள் வெளியே வந்தான். அவளைப் பார்த்துத் திகைத்து, நீலத் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கினான். அவள் கை திரையிலேயே நின்றது. பின்னால் பெண்களின் அலறல் கேட்டது.

உள்ளே ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்து மகளிர் மூன்று பேர், கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தொகுஜி ஒழுங்காக அங்கியைக் களைந்து, மடித்துக் கூடையில் வைத்து, சின்னத் துண்டோடு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து உடம்பைக் கழுவத் தொடங்கியிருந்தார். அலறல் கேட்டு எழுந்தவர், எந்தப் பக்கத்தை மறைப்பது என்று தெரியாமல், துண்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாராம். விடுதிப் பணிப்பெண் ஒருத்தி ஓடிப்போய்ப் பெரிய துணியைப் போர்த்தி வெளியே அழைத்து வந்தாள். அவர் தலைமுடியில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

ஹாருவே அம்மாள் வந்தாள், அந்த மூன்று பெண்களும் அங்கியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் இளையவள், காசு கொடுத்துத் தங்குகிற இடத்தில் இப்படியா, இந்த ஆளை யார் தனியாக விட்டது என்று சத்தம் போட்டாள். ஹாருவே அம்மாள் நடைபாதையில் முழங்காலிட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தொகுஜியும் முழங்காலிட்டார். ஈர உடம்போடு, போர்த்திய துணி ஒருபக்கம் நழுவ, அவரும் நெற்றியைத் தரையில் வைத்தார்.

மிட்சுயோ ஓடி வந்து அவருக்குப் பக்கத்தில் விழுந்தாள். அப்போது சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. நான்தான் போகச் சொன்னேன், இவர் வேண்டாம் என்றார். அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷமாக, என்றாவது வெளியில் மாட்டிக்கொண்டால் சொல்ல வேண்டுமென்று அவள் ஒரு வாசகத்தைத் தினமும் மனசுக்குள் ஒப்பித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அதுதான் வந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா. இவருக்கு ஞாபகம் சரியில்லை. என்ன பண்றோம்னு இவருக்கே தெரியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. உடனே திருத்தியிருக்கலாம். அதற்குள் அந்தப் பெண்களின் முகம் மாறிவிட்டது. சத்தம் போட்டவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவள் குனிந்து, தன் மாமனாரும் கடைசியில் இப்படித்தான் ஆனார், நீங்கள் எவ்வளவு கஷ்டப்படுகிறீர்களோ என்று மிட்சுயோவின் தோளைத் தொட்டாள். ஹாருவே அம்மாள் எழுந்து, போன வசந்தத்திலிருந்து ராத்திரியில் திரை மாற்றுவதை நிறுத்திவிட்டோம், இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான், வந்தவுடனே சொல்லியிருந்தாலும் ஐயாவின் நிலைமைக்கு இன்னொரு தடவை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், தப்பு எங்களுடையது என்றாள். எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். அந்த நல்லதனத்தைக் கிழித்துக்கொண்டு உண்மையைச் சொல்ல மிட்சுயோவுக்குத் தைரியம் இல்லை.

காலைச் சாப்பாட்டோடு அந்தப் பெண்கள் கொடுத்தனுப்பிய ஆப்பிள்களும் அறைக்கு வந்தன. தொகுஜி சாப்பாட்டைத் தொடவில்லை. அங்கியைத் தானே கட்டியிருந்தார், இன்றைக்கு இடப்பக்கம் சரியாக மேலே இருந்தது. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"மிட்சு, நான் அன்னைக்குச் சொன்னேன்ல" என்றார்.

"எதுங்க?"

"வெளி ஆளுக்குத் தொந்தரவு வந்தா கொண்டு போய் விட்டுடுன்னு. வந்துடுச்சு."

மிட்சுயோ சூப் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"மூணு பொம்பளைங்க. அந்தச் சின்னப் பொண்ணு நடுங்கிப் போச்சு. நான் இப்படிப்பட்ட ஆள் இல்லை மிட்சு. எனக்கு உள்ள போனதுகூட சரியா ஞாபகம் இல்லை. இனிமே நீ என்னை வெளிய கூட்டிட்டு வரக் கூடாது." அவர் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஆனா உடனே இடம் கிடைக்காதுன்னு சொல்றாங்களே."

சொல்லிவிடு என்று அவள் மனசு சொன்னது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. அப்படியானால் நான் தப்புப் பண்ணவில்லையா என்று கேட்பார். இல்லை என்று சொன்னால், பிறகு எதற்குப் போக வேண்டும் என்று கேட்பார். வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அடுப்பு, குளிர்காலம், கதவு, ராத்திரி. சொல்லாவிட்டால் அவரே நடந்து வருவார். அவள் உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. வெந்நீரில் வராத நிம்மதி. அது எதனால் வந்தது என்று தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதி நிம்மதியாகத்தான் இருந்தது.

"கயோகோ ஒரு இடம் பார்த்து வச்சிருக்கா" என்றாள். "அவ ஊர்லயே. இன்னைக்கே வரலாம்னு சொன்னாங்களாம்."

"இன்னைக்கேவா?"

"ஆமாங்க."

"கெட்டிக்காரி" என்றார் தொகுஜி. மகளைச் சொன்னார். பிறகு ஒரு ஆப்பிளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "நீ சாப்பிடு. ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்த."

விடுதி வாசலில் அவர் ஷூவைத் தானே போட்டுக்கொண்டார். ஹாருவே அம்மாள் அடுத்த வருஷமும் வர வேண்டும் என்று வழக்கப்படி சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தானே தடுமாறினாள். தொகுஜி மறுபடியும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்களின் அறை எது என்று விசாரித்து, மாடியை நோக்கியும் ஒருமுறை குனிந்து வணங்கினார்.

ரயிலில் கூட்டம் இல்லை. அவர் நேராகப் போய் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்தார், எப்போதும் அங்கேதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கையுறை போட்ட இளம் ஓட்டுநர் விரலை நீட்டிப் புறப்படும் சிக்னலைச் சொன்னான். இந்தப் பக்கம் தொகுஜியின் விரலும் நீண்டது. "பச்சை, சரி." பச்சைதான். சுரங்கத்துக்கு முன்னால் வேகக் குறைப்புப் பலகை வந்தது, ஓட்டுநருக்கு ஒரு கணம் முன்பாகவே இவர் சொன்னார். பாலம் வந்தது. விடுதியின் கூரைக்கு மேல் ஆவி போய்க்கொண்டிருந்ததை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சிக்னலையும் சொன்னார். ஒன்றும் தப்பவில்லை. மிட்சுயோ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெகுநாள் கழித்து, அவர் சரியாகச் சொல்வதை அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

மலை விலகி வயல்கள் வந்தன. அறுத்த வயல், மேலே ஈரப் பனி. தொகுஜி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணும் மிட்சு."

"கேளுங்க."

"அந்தத் திரை சிவப்புத்தான். நான் பார்த்தேன். கை நீட்டி நிறத்தைப் படிச்ச மாதிரி இருக்கு. யாரோ போன்னு சொன்ன மாதிரியும் இருக்கு." அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு சின்னப் பொருளை எங்கே வைத்தோம் என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். "நான் படிச்சேன்ல?"

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆமாம் போதும். அந்த ஆமாமை எடுத்துக்கொண்டு அவர் அந்த இல்லத்துக்குப் போயிருப்பார், அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு விளக்கையும் கை நீட்டிச் சொல்லிக்கொண்டு இருந்திருப்பார். அல்லது அடுத்த நிலையத்திலேயே இறங்கி வீட்டுக்கு ரயில் ஏறியிருப்பார். இரண்டில் எது நடக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டாவது நடந்துவிடுமோ என்ற பயம்தான் முந்திக்கொண்டது.

"இல்லங்க" என்றாள் மிட்சுயோ. "நீங்க எதையும் படிக்கல. நேரா உள்ள போயிட்டீங்க. யாரும் எதுவும் சொல்லல."

அவர் தன் விரலைப் பார்த்தார்.

"அப்படியா" என்றார்.

அவர் மறுபடி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வளைவைத் தாண்டியதும் சிக்னல் தெரிந்தது. ஓட்டுநரின் வெள்ளைக் கையுறை நீண்டது. தொகுஜியின் கை முழங்காலை விட்டு லேசாக எழுந்து, பாதியில் நின்று, திரும்பக் கீழே இறங்கியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது என்ன நிறம் மிட்சு?" என்று கேட்டார்.

பச்சை என்று அவள் சொன்னாள்.